முதல் வாடிக்கைக்காரர் யார்?

கல்யாணுக்கு இருப்புப் பாதை வந்து சேர்ந்தது 1854-ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதி. போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு நம் தேசத்தின் முதல் பிரயாணி ரயில் ஓடி ஓராண்டு கழிந்த சமயம் அது. ஒரு பாதை கசாரா வழியாக நாசிக்குக்கும் மற்றொன்று கர்ஜத் வழியாகப் புணேவுக்குமாகப் பிரிகின்ற இந்த ஜங்ஷனைச் சுற்றி, தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாடகை கட்டுப்படியாகாமல் நகர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் அநேகம் குடியிருக்கின்றன. நாகர்கோவில் எக்ஸ்பிரஸும், கோயம்புத்தூர் போகும் குர்லா வண்டியும், சென்னை மெயிலும் இங்கே நின்று புறப்படுகின்றன என்பது இவர்கள் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணமாகவே இருந்திருக்கலாம். ஆதலால் இவர்களில் பெரும்பாலோருக்குக் கம்ப்யூட்டர் என்னும் யந்திரத்தோடு முதல் பரிச்சயம் ஏற்பட்டது ஆபீஸிலோ கல்லூரியிலோ அன்று, ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரில்தான்.

அந்தக் கவுண்டரில் என்ன நிகழ்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நம் விஷயத்துக்கு அவசியம். காலை எட்டு மணிக்கு ஜன்னல் திறக்கிறது. அறுபது நாளுக்கு அப்பாலுள்ள தேதி ஒன்றுக்கு, வண்டி எண்ணும் வயதும் கீழ்ப் பெர்த் வேண்டுகோளும் எழுதிய பாரத்தை நீட்டுகிறோம். உள்ளே இருக்கும் குமாஸ்தா, நம் பெயரை மராத்திச் செவியால் கேட்டு ஆங்கில எழுத்தில் தட்டுகிறார். (சுப்பிரமணியன்களும் மீனாட்சிசுந்தரங்களும் பெட்டிக்குள் இடம் போதாமல் வால் குறைந்து சீட்டில் இறங்குவது தனிக் கதை.) அவர் கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கும் அச்சுப்பொறி கிறீச்சிடுவதற்கும் இடையில் உள்ள அந்த அற்ப நேரத்துக்குள், அந்த வேண்டுகோள் மும்பைக் கேந்திரத்தின் சர்வரை அடைந்து, அதே கணத்தில் தேசம் முழுவதிலுமிருந்து அதே வண்டிக்கு முட்டி மோதுகின்ற ஆயிரக்கணக்கான கோரிக்கைகளுக்கிடையே வரிசை பெற்று, காலியான பெர்த் ஒன்றைப் பூட்டிவைத்து, பணக் கணக்கு முடிந்தபின் அதை நம் பெயருக்கு எழுதி, மற்றொருவருக்கு அதே பெர்த்தை எக்காரணத்தைக் கொண்டும் கொடாதபடி காவல் செய்தாக வேண்டும். திரும்பும் வண்டியின் கணக்கு சென்னைக் கேந்திரத்தில் இருக்குமானால் சென்னைச் சர்வரையும் கேட்டுப் பதில் வாங்கியாக வேண்டும். மறுபயணத்துக்குத் தந்தி கொடுத்துவிட்டுப் பதில் வருமா வராதா என்ற விசாரத்தோடு ஊருக்குப் போன தலைமுறையினர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இது எத்தனை பெரிய காரியம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய வேலைக்கு வேண்டிய செயலி நம் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரின் செயலியிலிருந்து குணத்தில் வேறுபட்டது. ஒரு கணக்கை அதிவேகமாகப் போட்டுவிடுவதே அதன் கியாதிக்குப் போதுமானதன்று. ஒரே சமயத்தில் பல்லாயிரம் சிறு கணக்குகளை ஒன்றோடொன்று குழம்பாமல் நடத்துவதும், விஸ்தாரமான நினைவகத்தைத் தாமதமின்றி எட்டிப் பிடிப்பதும், அந்த நினைவகத்தில் ஒரு துளி பிசகினாலும் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வதும், வருஷக் கணக்கில் உறங்காமலிருப்பதும் அதனிடம் நாம் எதிர்பார்க்கும் லட்சணங்கள். வங்கிகளும் டெலிபோன் கம்பெனிகளும் ரயில்வேயும் இருபது முப்பது வருஷ காலம் இத்தகைய லட்சணங்களுக்காகவே ரிஸ்க் வகைச் செயலிகள் பொருத்திய பெரிய யந்திரங்களை நாடி வந்தன.

ரிஸ்க் என்பது ஒரு சிக்கன சித்தாந்தம். 1977-இல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பெனி வெளியிட்ட வாக்ஸ் என்ற யந்திரம் அதற்கு நேர் எதிரான ஆடம்பர மரபின் சிகரம். பல்லுறுப்புக் கோவை ஒன்றை முழுவதுமாகக் கணித்துத் தருவதற்கென்றே அதில் ஓர் ஆணை இருந்தது. அதை உபயோகித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று கேட்டுவிடாதீர்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னரே ஐ.பி.எம். ஆராய்ச்சி நிலையத்தில் ஜான் கோக் என்பவர், டெலிபோன் இணைப்பகம் ஒன்றை நடத்தக்கூடிய வேகமான யந்திரம் தேடப் புகுந்து, நாம் எழுதுவதை யந்திரத்தின் ஆணைகளாகப் பெயர்த்துத் தரும் கம்பைலர்கள் உண்மையில் பயன்படுத்துவது மிகச் சில எளிய ஆணைகளையே என்று கண்டார். அந்தச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஒரே துடிப்பில் முடித்துவிட்டால் என்ன என்று அவர் எண்ணியதன் விளைவாக எழுந்த சோதனை யந்திரத்துக்கு, வேறு பெயர் அகப்படாமல், அது உருவான கட்டடத்தின் எண்ணாகிய 801 என்பதையே பெயராக வைத்தார்கள். கல்யாண வீட்டுச் சமையலில் எல்லாப் பட்சணமும் அறிந்த ஒரே மகா பரிசாரகரை நம்பியிராமல், நறுக்குபவர், அரைப்பவர், பொரிப்பவர் என்று ஆளுக்கொரு சிறு வேலையாகப் பிரித்து வரிசையில் நிறுத்தினால் பந்தி எவ்வளவு விரைவாக நடக்குமோ அவ்வாறே, எளிய ஆணைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழாய்போல் ஓடும்பொழுது வேகம் பெருகிற்று. பெர்க்லியில் டேவிட் பாட்டர்ஸனும் ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஹென்னஸியும் இதை ஒரு சாஸ்திரமாகவே நிலைநாட்டினர். அவ்விருவருக்கும் 2017-ஆம் வருஷத்திய டூரிங் விருது கிட்டியது.

நம் ரயில்வேயின் சரித்திரம் இந்தச் சரித்திரத்தோடு ஒட்டியே நடக்கிறது. 1985-இல் டெல்லியில் தொடங்கிய கம்ப்யூட்டர் ரிசர்வேஷனை வகுத்துக் கொடுத்தது சி.எம்.சி. என்ற இந்திய அரசாங்க ஸ்தாபனம்; அது ஓடியது வாக்ஸ் யந்திரங்களில். 1986-இல் கிரிஸ் என்ற ரயில்வேயின் சொந்தக் கம்ப்யூட்டர் ஸ்தாபனம் ஏற்பட்டது. அவர்கள் எழுதிய கான்ஸர்ட் என்னும் மென்பொருள் 1994-இல் செகந்தராபாதில் முதன்முதல் நிறுவப்பட்டு, 1999-க்குள் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய ஐந்து கேந்திரங்களையும் ஒரே வலையாகப் பிணைத்தது. இத்தனை பெரிய ஜனத்தொகைக்கு இப்படியொரு காரியத்தை நம்மவர்களே எழுதி, நம்மவர்களே நடத்துகிறார்கள் என்பதை நாம் போதிய அளவு மெச்சியதில்லை. தட்கல் கிடைக்காத அன்று ஏசுவதற்கு மாத்திரமே நினைவுகூர்கிறோம்.

மென்பொருள் நம்முடையது, சரி. அடியிலிருந்த சிப் நம்முடையதன்று. டிஜிட்டல் கம்பெனி 1992-இல் வாக்ஸுக்கு வாரிசாக ஆல்ஃபா என்ற ரிஸ்க் செயலியைக் கொண்டுவந்தபோது அது உலகின் வேகத்துக்கே அளவுகோலாக விளங்கிற்று. இண்டெல்லின் புதிய 486 செயலி 66 மெகாஹெர்ட்ஸில் ஓடிய அதே வருஷத்தில் ஆல்ஃபா 200 மெகாஹெர்ட்ஸைத் தொட்டது. வாக்ஸின் அடிப்படை மென்பொருளாகிய வி.எம்.எஸ்., ஓப்பன்வி.எம்.எஸ். என்று நாமம் புனைந்துகொண்டு ஆல்ஃபாவுக்குக் குடிபெயர்ந்தது. ஆனால் 1998-இல் டிஜிட்டலைக் காம்பாக் வாங்கியது. 2001-இல், ஆல்ஃபாவை நிறுத்திவிட்டு இண்டெல்லும் ஹெச்.பி.யும் சேர்ந்து உருவாக்கிய இட்டானியத்துக்கு மாறப்போவதாகக் காம்பாக் அறிவித்தது. மறு வருஷமே காம்பாக்கை ஹெச்.பி. விழுங்கியது. ஆல்ஃபாவில் ஒரு குற்றமும் கண்டாரில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி மாறியது, அவ்வளவே. ஹெச்.பி. தன் சொந்த ரிஸ்க் செயலியான பி.ஏ.-ரிஸ்க்கையும் அதே இட்டானியத்துக்காகக் கைவிட்டது. அந்த இட்டானியமோ, எந்த ஆணைகளை ஒருங்கே ஓட்டலாம் என்று தீர்மானிக்கும் பாரத்தைக் கம்பைலரின் தலைமேல் சுமத்திய புதுவிதச் சிப். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. 2021-ஆம் வருஷம் ஜூலையோடு இண்டெல் அதை அனுப்புவதையே நிறுத்திவிட்டது.

2025 ஆகஸ்டில் ரயில்வே மந்திரி பாராளுமன்றத்தில் கொடுத்த பதில் ஒன்றில், இப்போதைய ரிசர்வேஷன் அமைப்பு 2010-இல் நிறுவப்பட்டதென்றும், இட்டானியம் சர்வர்களிலும் ஓப்பன்வி.எம்.எஸ்ஸிலும் ஓடுகிறதென்றும், அதைப் புதிய தொழில்நுட்பத்துக்கு மாற்றும் வேலை நடக்கிறதென்றும் கூறினார். எத்தனை டிக்கெட், எத்தனை புது வசதி என்ற விவரங்களைப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. இட்டானியம் என்ற சொல்லின்மேல் எவர் கண்ணும் நின்றதாகத் தெரியவில்லை. ஆயினும் அந்த ஒரு சொல்லுக்குள் நாம் கவலைப்பட வேண்டிய விஷயம் இருக்கிறது. செய்பவரே கைவிட்டு நான்கு வருஷமான ஒரு செயலியின் முதுகில் நம் தேசத்தின் பெர்த்துக் கணக்கு ஏறி நின்றது; அது நம் குற்றத்தாலுமன்று, அந்த யந்திரங்களைப் பேணிவந்த கிரிஸ் பொறியாளர்களின் சாமர்த்தியக் குறைவாலுமன்று. எங்கோ ஒரு டைரக்டர் குழு எடுத்த தீர்மானத்தால்.

இதே நிலை நமக்கு முன்னும் ஏற்பட்டதுண்டு. அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உடன்படாமல் 1978-இல் ஐ.பி.எம். இத்தேசத்தை விட்டு வெளியேறியபோது, அதன் யந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அந்தச் சி.எம்.சி.யின் தலையில்தான் விழுந்தது. கைவிடப்பட்ட யந்திரங்களை ஓட்டிப் பழகிய அந்தக் கைகளே பின்னர் ரயில்வேக்கு ரிசர்வேஷனும் எழுதின. அதற்கும் முன்னால், 1960-இல், இதே பம்பாயில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் டிஃப்ராக் என்ற கம்ப்யூட்டரை நம்மவர்களே முழுமையாகக் கட்டி ஓட்டினார்கள். அது என்ன ஆயிற்று? அடுத்த யந்திரத்தைச் செய்து தாருங்கள் என்று கேட்க ஒருவரும் வரவில்லை. 1964-இல் அதே நிலையத்துக்கு அமெரிக்காவிலிருந்து சி.டி.சி. 3600 வந்து இறங்கியது. மூளை இருந்தது, கை இருந்தது; இரண்டாவது ஆர்டர் இல்லை.

இதையே நான் இந்தக் கட்டுரையில் வற்புறுத்த விரும்புகிறேன். பெரிய சர்வர்களுக்கான ரிஸ்க் செயலிகளின் ஐம்பதாண்டு வரலாற்றை எடுத்துப் பார்த்தால், சிறந்த சிப் பிழைத்தது என்றோ மோசமான சிப் மாண்டது என்றோ கொள்ள இடமில்லை. பொறுமையுள்ள ஒரு வாடிக்கைக்காரர் எவருக்கு வாய்த்தாரோ அவர் பிழைத்தார். ஐ.பி.எம்.மின் பவர் செயலி 1990 முதல் இன்றுவரை தலைமுறை தலைமுறையாக வருகிறதென்றால், மாறுவதற்கு அஞ்சுகின்ற வங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் அதற்குத் தவறாமல் கிரயம் கொடுத்து வருகின்றன என்பதே காரணம். சன் கம்பெனியின் ஸ்பார்க் செயலி, 2010-இல் ஆரக்கிளின் கைக்குப் போனபின், 2017-இல் வந்த எம்8 என்பதோடு நின்றது. ஆனால் ஜப்பானில் ஃபுஜிட்ஸு அதே ஸ்பார்க்கைக் கொண்டு 'கே' என்ற மகா கம்ப்யூட்டரைச் செய்து, பின்பு ஆர்ம் என்ற மற்றொரு ரிஸ்க் வகைக்கு மாறி, 2020-இல் உலகின் முதல் ஸ்தானத்தைப் பிடித்த ஃபுகாகுவைச் செய்தது. அங்கே ரிக்கென் என்ற அரசாங்க ஆராய்ச்சி நிலையம், பொருள் கைக்கு வருவதற்கு வெகு முன்பே, 'நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்' என்று உடன் நின்றது. கைபேசிகளில் கோடிக்கணக்கில் புழங்கிய ஆர்ம் செயலியைச் சர்வருக்குக் கொண்டுவர முயன்ற கால்க்ஸெடா என்ற சிறு கம்பெனி, வாங்குவார் இன்றி 2013-இல் மூடப்பட்டது. ஐந்தே வருஷத்தில் அமேஸான் அதே ஆர்ம் வழியில் கிராவிட்டனை வெளியிட்டு வெற்றி கண்டது. ஏனெனில் அமேஸான் செய்பவராகவும் வாங்குபவராகவும் ஒருங்கே இருந்தது. கூகுளும் மைக்ரோஸாஃப்டும் அந்த வழியைப் பின்பற்றின.

இப்போது நம் பக்கம் வருவோம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. காமகோடியின் தலைமையில் வளர்ந்த சக்தி செயலி, பெர்க்லியில் 2010-இல் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த ஆணைத் தொகுதியை ஆதாரமாகக் கொண்டது. அந்தத் தொகுதியை உபயோகிக்க எவருக்கும் உரிமைத்தொகை செலுத்த வேண்டியதில்லை, எந்தக் கம்பெனி விலைபோனாலும் அதை எவரும் நிறுத்திவிடவும் முடியாது. 2018-இல் அதன் ஒரு சிப் அமெரிக்காவில் இண்டெல் ஆலையிலும், மற்றொன்று சண்டீகரை அடுத்த மொஹாலியிலுள்ள நம் ஆலையிலும் வார்க்கப்பட்டன. 2025-இல் இஸ்ரோவோடு சேர்ந்து ஐரிஸ் என்ற சிப் வந்தது. திருவனந்தபுரத்தில் ஸி-டாக் ஸ்தாபனத்தார் வேகா என்ற ரிஸ்க்-ஃபைவ் வரிசையை வளர்க்கிறார்கள். அதே ஸி-டாக், ஆர்ம் வகையில், 96 கருக்கள் கொண்ட ஏ.யு.எம். என்ற பெருஞ்செயலிக்கும் திட்டம் வகுத்திருக்கிறது.

இவற்றை மிகைப்படுத்திப் பேசுவது இவற்றைச் செய்தவர்களுக்கே அபகாரம். மொஹாலியில் வார்க்கக்கூடிய 180 நானோமீட்டர் சிப் ராக்கெட்டின் கருவியையோ ஆலையின் இயந்திரத்தையோ ஆளப் போதுமானது. காலை பத்து மணித் தட்கல் வெள்ளத்தை அது தாங்காது. ஏ.யு.எம். போன்றதைத் தைவானில் உள்ளது போன்ற 5 நானோமீட்டர் ஆலையில்தான் வார்க்க முடியும். குஜராத்தின் தோலேராவில் எழும்பும் ஆலையும் 28 நானோமீட்டரும் அதைவிடத் தடித்தவையுமான அளவுகளிலேயே தொடங்க எண்ணியிருக்கிறது. ஆணைத் தொகுதி திறந்திருப்பதனால் ஆலையின் கதவும் திறந்துவிடாது. சுதேசி என்ற சொல்லைப் பெட்டியின்மேல் ஒட்டிவிட்டு உள்ளே இருப்பதைப் பார்க்காமல் விடும் வழக்கம் நமக்கு உண்டாகையால், இதைச் சொல்லி வைக்கிறேன்.

'அப்படியானால், உலகமெல்லாம் வாங்குகிற, இண்டெல் மரபைச் சேர்ந்த சாதாரண எக்ஸ்86 சர்வர்களையே நாமும் வாங்கிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?' என்று ஐரோலியிலும் மஹாபேயிலும் டேட்டா சென்டர்களில் உத்தியோகம் பார்த்துவிட்டுத் தாணாவில் வண்டி மாறிக் கல்யாண் திரும்பும் நம் இளைஞர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அந்த எக்ஸ்86 செயலிகளே 1995-இன் பென்டியம் ப்ரோ முதற்கொண்டு சிக்கலான ஆணைகளை உள்ளுக்குள் எளிய ஆணைகளாக உடைத்துத்தான் ஓட்டுகின்றன. ஆக, ரிஸ்க் கம்பெனிகள் பல தோற்றாலும் ரிஸ்க் சித்தாந்தம் ஜயித்துவிட்டது. இன்றைய அவசரத்துக்கு அவற்றை வாங்குவதே விவேகம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. எனக்கு உறுத்துவது, இன்னொரு பதினைந்து வருஷம் கழித்து எக்ஸ்86-இன் ஏதோ ஒரு கிளை நின்றுபோகும்போது, நம் கையில் இருக்கப்போகும் மாற்று என்ன என்பதுதான். அந்த மாற்று, தேவை வந்த அன்று காலையில் உற்பத்தியாகிவிடாது.

ரயில்வே ஒரு பரிசோதனைச் சாலையன்று என்பார்கள், மெய்தான். ஆனால் ரிசர்வேஷனில் எல்லா வேலையும் ஒரே கனமுடையதன்று. 2025-இல் ரயில்வே வெளியிட்ட கணக்கின்படி, இந்த அமைப்பு நிமிஷத்துக்குச் சுமார் 32,000 டிக்கெட்டுகள் கொடுக்கிறது. விசாரணைகளுக்கோ நிமிஷத்துக்கு 4 லட்சம் வரை பதில் சொல்கிறது. அதை 40 லட்சமாக்குவது உத்தேசம். பி.என்.ஆர். நிலை என்ன, வெயிட்டிங் லிஸ்ட் எத்தனைக்கு வந்திருக்கிறது, இடம் இருக்கிறதா இல்லையா என்று ஒரே நாளில் பத்துத் தடவை கேட்டுக்கொண்டிருக்கும் நம் மாமாக்களும் சித்தப்பாக்களும் சேர்ந்து உண்டாக்குகிற சுமை இது. இந்தச் சுமையின் இயல்பைக் கவனியுங்கள்: இங்கே எதையும் எழுத வேண்டியதில்லை, படித்துச் சொன்னால் போதும், ஒரு சர்வர் விழுந்தால் பக்கத்துச் சர்வர் பதில் சொல்லலாம், பதில் ஒரு விநாடி தாமதித்தால் எவருடைய பெர்த்தும் பறிபோகாது, ஒரே மகா செயலியின் வேகம் தேவையில்லை, நடுத்தரச் செயலிகள் பல வரிசையாக நின்றாலும் காரியம் நடக்கும். வளர்ந்துவரும் ஒரு செயலி சர்வர் தொழிலைக் கற்றுக்கொள்ள இதைவிடப் பத்திரமான பள்ளிக்கூடம் வேறு எங்கும் அகப்படாது. அங்கே ஐந்தாறு வருஷம் கோடைக்காலக் கூட்டத்தையும் தீபாவளிக் கூட்டத்தையும் பொங்கல் கூட்டத்தையும் தாங்கி நின்றபின், சார்ட் தயாரிக்கும் வேலையைக் கொடுக்கலாம். பெர்த்தை ஒதுக்கும் வேலையைக் கடைசியாகக் கொடுத்தால் போதும்.

இதற்கு முன்நிபந்தனையாக வேண்டியது ஒன்றுண்டு: இப்போது புதிதாக எழுதப்படும் மென்பொருள், எந்த ஒரு சிப்பின் விசேஷ குணத்தையும் நம்பி நிற்காமல், எந்தச் செயலிக்கும் பெயர்த்து நடக்கூடியதாக எழுதப்பட வேண்டும். வி.எம்.எஸ். வாக்ஸிலிருந்து ஆல்ஃபாவுக்கும், ஆல்ஃபாவிலிருந்து இட்டானியத்துக்கும் குடிமாறியதையும், 2022-இல் எக்ஸ்86-க்கும் வந்து சேர்ந்ததையும் கவனித்தால், நன்றாக எழுதப்பட்ட மென்பொருள் எத்தனை செயலிகளின் மரணத்தையும் கடந்து வாழும் என்பது விளங்கும். அந்த ஒழுங்கைக் கட்டாயமாக்க அரசாங்கத்துக்கு ஒரு பைசா அதிகம் செலவாகாது.

கிரிஸ் ஸ்தாபனத்தார் அடுத்த டெண்டரை எழுதும்போது ஒரே ஒரு ஷரத்தைச் சேர்க்க வேண்டும்: விசாரணைச் சுமையில் பத்தில் ஒரு பங்கு, ஏழு வருஷ காலத்துக்கு, இந்தியாவில் வடிவமைத்த செயலிகளில் ஓட வேண்டும்; முதல் தலைமுறைச் சிப் மந்தமாக இருந்தாலும் இரண்டாவது தலைமுறைக்கு ஆர்டர் உண்டு என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். மும்பையிலுள்ள தமிழ்ச் சங்கங்களும் பிரயாணிகள் சங்கங்களும், கோடைக்குக் கூடுதல் வண்டி வேண்டுமென்று வருஷந்தோறும் மனுக் கொடுக்கின்றனவே, அந்த மனுவின் அடியில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்து எழுதும்படி அவற்றின் காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.